இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட், மூலைக்கு ரப்பர்

அன்புள்ள சேகருக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரித்து ஆரம்பிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் உன்னை நேரில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தாய். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். முட்டி மட்டும் வலிக்கிறது. உன் வீட்டுக் குளியலறைத் தரையில் ஐந்து நாள் மண்டியிட்டதால் வந்த வலி அது, அதற்கு உன்னிடம் தைலம் கேட்கப் போவதில்லை. தேக்காவில் இருக்கிற அம்மா தோ பாயோவில் இருக்கிற மகனுக்குத் தபாலில் எழுத வேண்டுமா, ஒரு பஸ் ஏறி வரக்கூடாதா என்று கேட்பாய். நேரில் வந்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். புது வீடு, புது அக்கம்பக்கம், அவர்கள் பயந்துவிடுவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

புதன்கிழமை நீ என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன சீட்டு இதோ பக்கத்தில் இருக்கிறது. 'அம்மா, மல்லிகா வீட்டு மாமாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. கல்யாணம் முடியட்டும். பாத்ரூமை ஆள் வெச்சு முழுசா ரப்பர் போட்டு மாத்திடுறேன்.' மூன்று வரி. மூன்று வரியில் என் வாயையும் கட்டிவிட்டாய், என் வேலையையும் பெயர்த்துவிட்டாய். கெட்டிக்காரன்தான். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன். முதலில் ரப்பர்.

போன சனிக்கிழமை நீ கப்பல் பட்டறையிலிருந்து அந்தக் குழாயை எடுத்து வந்தாய். பற்பசைக் குழாயைப் போல, கொஞ்சம் பெரியது. சிலிக்கோன் ரப்பர், வெள்ளைக்கார இன்ஜினியர் கொடுத்தார், கப்பல் கண்ணாடிக்கே இதைத்தான் போடுகிறார்கள், கடல் தண்ணீரே உள்ளே போகாது என்றாய். நான் அப்போதுதான் கடைசி வரிசை டைலை ஒட்டிவிட்டு வெள்ளை சிமெண்ட் கரைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அத கொட்டிடுங்க. சிமெண்ட் எல்லாம் பழைய காலம்லா. கீறல் விடும், கறுத்துப் போவும். எல்லா இடுக்குலயும் இத அடிச்சா சாவுற வரைக்கும் பாக்க வேணாம்" என்றாய். சாகிற வரைக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாயா, டைலைப் பார்த்துச் சொன்னாயா, தெரியவில்லை. நான் கொட்டவில்லை. நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ நினைப்பதுபோல் புதுசு என்றால் முறைத்துக்கொள்கிறவள் நான் இல்லை. நீ போன பிறகு அந்தக் குழாயின் மூக்கை அறுத்து, ஒரு உடைந்த டைல் துண்டில் கொஞ்சம் பிதுக்கிப் பார்த்தேன். புளித்த காடி வாசனை அடித்தது. மறுநாள் நகத்தால் அழுத்தினேன், அமுங்கியது, விட்டதும் பழையபடி எழும்பியது. நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் தரையில் டைலுக்கும் டைலுக்கும் நடுவே இருக்கிற இடுக்கு அமுங்கக் கூடாது. வாளியைத் தொப்பென்று வைக்கிறோம், கால் வைக்கிறோம், துணி அடித்துத் துவைக்கிறோம். டைலின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ள அங்கே கெட்டியாக ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் சில்லு சில்லாகப் போகும். ரப்பரில் அழுக்கும் எண்ணெயும் ஒட்டும், தேய்த்தால் ஒரு முனை எழும்பும், எழும்பியதைப் பிள்ளைகள் இழுக்கும், இழுத்தால் முழம் முழமாக வந்துவிடும். இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட்தான். டைலை நனைத்துவிட்டு, மாவுபோலக் கரைத்து, உள்ளே போகும்படி தேய்த்து, ஈரப் பஞ்சால் குறுக்கே துடைத்து, மூன்று நாள் காயவிடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூலை வேறு. சுவரும் தரையும் சேருகிற மூலையில் சுவர் ஒரு பக்கம் போகும், தரை ஒரு பக்கம் போகும். பன்னிரண்டு மாடிக் கட்டடம், புதுசு, இன்னும் இரண்டு மூன்று வருஷம் அது உட்காரும். அங்கே சிமெண்ட் வைத்தால் முடி மாதிரி ஒரு கீறல் விழும், அதுபோதும், கீழ்வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு குளிப்பார். அங்கேதான் உன் ரப்பர். மூலையை நன்றாகக் காயவிட்டு, துடைத்து, சுற்றிலும் உன் குழாயைத்தான் போட்டேன், சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்துவிட்டேன். நீ அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

மூலைக்கும் இடுக்குக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், ஒரு வீட்டின் கூரை சொல்லிக் கொடுத்தது. அதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் உன் சீட்டின் முதல் வரிக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது உனக்கு ஏழு வயது. அவர் டைல் கொத்தனார், நான் அவருக்குச் சிமெண்ட் கலக்கிக் கொடுக்கிற சித்தாள். மூன்று மாதம் கழித்து நான் அவருடைய முதலாளியான சீன தவுக்கேயிடம் போய், எனக்கும் டைல் ஒட்டத் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். ஒரு சுவரைக் காட்டி, ஒட்டு பார்ப்போம் என்றார். ஒட்டினேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அப்படித்தான் சேலைக்கு மேலே உன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தேக்காவில் பேசாத பேச்சில்லை. ஆம்பளை வேலை செய்கிறாள், சீனன்கூடப் போகிறாள், புருஷன் சட்டையைப் போடுகிறாள் என்றார்கள். பேசியவர்களில் இரண்டு பேர் வீட்டுக் குளியலறையில் இன்றைக்கும் நான் ஒட்டிய டைல்தான் இருக்கிறது.

நான் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை புக்கித் தீமா பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பங்களா. மாடியில் குளியலறை, அதில் குளியல் தொட்டி. உன் அப்பா இருந்தவரை தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிமெண்ட் வைக்கவே மாட்டார். ஆளி எண்ணெய் போட்டுப் பிசைந்த மக்கு வைப்பார். அது மஞ்சளாய், அசிங்கமாய், சுருங்கிப் போய் இருக்கும். எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. பொம்பளை கை வைத்த வேலை அவர் வேலையைவிட அழகாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அதனால் தொட்டியைச் சுற்றிலும் வெள்ளை சிமெண்ட்டை வைத்து, இழைத்து, கோடே தெரியாமல் முடித்தேன். அந்த வீட்டம்மா கை தட்டினாள். தொட்டியில் தண்ணீர் நிறைந்து, அதில் ஒரு மனுஷன் இறங்கி உட்கார்ந்தால் தொட்டி இறங்கும் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் கீழே சாப்பாட்டு அறைக் கூரையில் ஈரம் படர்ந்து, ஒரு நாள் மத்தியானம் சாந்து பெயர்ந்து மேசைமேல் விழுந்தது. நல்ல வேளை, யாரும் சாப்பிட உட்காரவில்லை. தவுக்கே எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நானும் குழாய் போட்ட ஆ ஹோக்கும் நின்றோம். ஆ ஹோக் தெரியுமா உனக்கு, சின்ன வயதில் உனக்குக் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் வாங்கித் தருவானே, ஒல்லியாய், முன்பல் ஒன்று இல்லாமல், அவன்தான். தவுக்கே கேட்டார்: "பைப்பா, டைலா?" ஆ ஹோக் கூரையை அண்ணாந்து பார்த்தான். அவன் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தான். நான் யோசிக்கவில்லை. "பைப்" என்றேன். அன்றைக்கே ஆ ஹோக்குக்கு வேலை போயிற்று. மறுநாள் பழுது பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். தொட்டியைச் சுற்றி, நான் இழைத்து இழைத்து வைத்த சிமெண்ட்டில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கீறல். யாருக்கும் தெரியாமல் சுரண்டி எடுத்துவிட்டு, உன் அப்பாவின் அசிங்கமான மக்கை வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு சொட்டவில்லை. பைப்பைச் சரி செய்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

உனக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லி இதை உன் தலையில் கட்ட மாட்டேன். பயந்துபோய்ச் செய்தேன். ஒரு தப்பு தெரிந்தால் 'பொம்பளை வேலை' என்று மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். இரண்டு வருஷம் தாங்கினேன். பிறகு லாவண்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு சைக்கிள் கடை வாசலில் அவன் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த மலாயில், டைல்தான், பைப் இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவன் நிமிரவில்லை. "தெரியும்" என்றான். "உனக்கு ஒரு பிள்ளை இருக்கான்னு எனக்குத் தெரியும். எனக்கு மூணு." அவ்வளவுதான் பேசினான். நான் அப்படியே நின்றேன். "சுடாலா, போ" என்றான், விட்டுவிடு, போ என்று. மன்னித்தான் என்று நினைத்துவிடாதே. அவன் மன்னிக்கவில்லை. அவன் மன்னிக்கவும் வேண்டியதில்லை. அன்றைக்கே தவுக்கேயிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை இரண்டு மாதம் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆ ஹோக்குக்கு ஆள் அனுப்பினார், அவன் திரும்பி வர மறுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒன்று வைத்துக்கொண்டேன். யார் செய்தது என்று எவர் கேட்டாலும், நல்லதோ கெட்டதோ, நான்தான் என்று உடனே சொல்லிவிடுவது. பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் அதில் தவறியதில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை தவறினேன்.

உன் மாமனாராகப் போகிறவர் மகள் மல்லிகாவை அழைத்துக்கொண்டு வீடு பார்க்க வந்தார். ரிட்டயரான வாத்தியார் இல்லையா, எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள். ஒரு குவளைத் தண்ணீரைக் குளியலறை மூலையில் ஊற்றிவிட்டு, கை கட்டி நின்று பார்த்தார். ஒரு சொட்டு தேங்காமல் சாக்கடைத் துளைக்குப் போயிற்று. "வாட்டம் ரொம்ப நல்லா வெச்சிருக்காங்களே, யாரு செஞ்சது?" என்றார். நான் அடுப்படியில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். நகத்தில் வெள்ளை சிமெண்ட் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தேன், அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஒரு தவுக்கேகிட்ட சொல்லி ஆள் வெச்சுச் செஞ்சோம் மாமா." நிச்சயதார்த்தத்தின்போதே 'அம்மா வீட்டோட இருக்காங்க' என்று நீ சொன்னது எனக்குத் தெரியும். பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தேன், சபையில் எதற்கு என்று விட்டுவிட்டேன். இதை விட்டிருக்கக் கூடாது. ஆனால் விட்டேன். காப்பியைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார், காப்பியைச் சொன்னார்.

உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. நலங்கை அந்த வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று உன் பெரியம்மா முடிவு செய்துவிட்டாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் அந்தக் குளியலறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்று உன் தலையில் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள். அத்தனை பேரும் தரையைத்தான் பார்ப்பார்கள். சிமெண்ட்டில் மஞ்சள் பிடித்துக்கொள்ளும், ரப்பர் என்றால் துடைத்துவிடலாம் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னாய். ரப்பரிலும் பிடிக்கும், உனக்குத் தெரியாது. சிமெண்ட்டில் பிடிப்பது எனக்கு நன்றாகவே தெரியும். சையத் ஆல்வி ரோட்டில் ஒரு வீட்டில் நான் இடுக்கு அடைத்த நாலாம் நாளே நலங்கு வைத்துவிட்டார்கள். இருபத்தோரு நாள் பொறுங்கள் என்றால், முகூர்த்தம் பொறுக்காது என்றார்கள். தரை முழுக்க மஞ்சள் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது. அந்த அம்மா எலுமிச்சம்பழத்தைப் போட்டுத் தேய்த்தாள், சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள், கடைசியில் என்னைப் போட்டுத் தேய்த்தாள். உன் வீட்டில் மூன்று வாரம் இருக்கிறது, சிமெண்ட் இறுகிவிடும், இருந்தாலும் கொஞ்சம் மஞ்சள் ஏறத்தான் செய்யும். ஏறட்டும். கல்யாணம் நடந்த வீடு என்று தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாலி இழந்தவள் நலங்கில் கை வைக்கக் கூடாது, நீ உள்ளறையில் இரு என்கிறாள் உன் பெரியம்மா. கை வைப்பேன். ஏழு வயதிலிருந்து உன்னைத் தேய்த்துக் குளிப்பாட்டியது இந்தக் கைதான், அப்போது யாரும் நல்ல நேரம் பார்க்கவில்லை. யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் அவர்கள் உள்ளறையில் உட்காரட்டும், அங்கே காற்று நன்றாக வரும்.

ஆள் வைத்துப் பெயர்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதையும் கேட்டுக்கொள். வீடு உன்னுடையது. பெயர்த்தால் நான் வந்து தடுக்க மாட்டேன். ஆனால் பெயர்க்கிற ஆள் கேட்பான், இவ்வளவு ஒழுங்காக ஒட்டியதை எதற்குப் பெயர்க்கிறீர்கள் என்று. அவனுக்கு என்ன பதில் சொல்வாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள். பதினேழு வருஷத்தில் எனக்கு இந்த வேலையால் கை காய்த்துப் போயிருக்கிறது, முட்டி போயிருக்கிறது, வெட்கம் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று நானும் மூன்று நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். என்னிடமிருந்து இல்லை. உன் அப்பாவிடமிருந்தும் இல்லை.

இப்போது முதல் வரிக்குப் பதில். மாமாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை, காலையில் கேலாங்குக்கு பஸ் ஏறி, அவர்கள் வீட்டுக்குப் போனேன். பட்டுச் சேலை கட்டவில்லை. வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், எழுந்து நின்று வாங்க என்றார். உட்காராமலே சொன்னேன். "அந்தத் தரைய நான்தாங்க போட்டேன். சுவரும் நான்தான். நான் டைல் கொத்தனார், பதினேழு வருஷமா இதுதான் வேலை." அவர் பேப்பரை மடித்தார். மடித்த பேப்பரை மறுபடி மடித்தார். "வேலையில என்னம்மா இருக்கு? எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை, நானும் சந்தோஷமாக பஸ் ஏறியிருப்பேன். ஆனால் அவர் கேட்டார்: "மாப்பிள்ளை ஏன் பொய் சொன்னாரு? அதுவும் உங்கள வெச்சுக்கிட்டே?"

அதற்கு என்ன சொல்ல? சின்னப் பையன், தெரியாமல் சொல்லிவிட்டான் என்றா? உனக்கு இருபத்துநாலு வயது. "பயத்துல சொல்லிட்டான். நானும் ஒரு தடவ பயத்துல சொல்லியிருக்கேன்" என்று ஆ ஹோக் கதையை முழுக்கச் சொன்னேன், உனக்கு இப்போது எழுதியதுபோலவே. நல்ல மனுஷன், குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சொன்னார்: "நான் கல்யாணத்த நிறுத்துறேன்னு சொல்லல. நீங்க வந்து சொன்னது உங்களுக்குப் போதும். அவரு சார்பா நீங்க சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவரே வந்து சொல்லட்டும். வரலன்னா நான் யோசிக்கணும்." நியாயமாகத்தான் பட்டது. உனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை, அதற்காக நீ என்னைக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

என் வாயால் உன் கல்யாணம் கெட்டது என்று நாளைக்கு ஊர் பேசலாம், நீயும் பேசலாம். அந்தப் பயம் பஸ்ஸில் போகும்போதும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. இருந்தாலும் போனேன். மறுபடி கேட்டாலும் போவேன்.

மல்லிகா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் கிளம்பியபோது வாசல் வரை கூடவே வந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. நான் செருப்பை மாட்டும் வரை காத்திருந்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள். "அத்தை, அவங்களே வந்து சொல்லுவாங்களா?"

கட்டாயம் சொல்லுவான் என்று எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

உன் அம்மா